மேடைக்கு அழைக்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள்

வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திருச்சபைகள் ஏழைக் குடும்பங்களுக்குச் செய்யும் உதவியைப் பற்றியவை. எங்கள் சபையில் உதவி நிதிக் கணக்கை எழுதுகிறவள் நான்தான், வீடு சந்திக்கப் போகிறவர்களிலும் ஒருத்தி. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். யார் பெயரையும் போடவில்லை.

அக்கா, எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு மளிகைப் பையும் துணியும் கொடுப்போம். ஆராதனை முடிந்ததும் பெயர் வாசித்து மேடைக்கு அழைத்து, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். போன முறை ஒரு விதவை அம்மா, பெயர் வாசித்தும் எழுந்து வரவில்லை. அதற்கப்புறம் ஆராதனைக்கும் வருவதில்லை. கேட்டால், "நன்கொடை கொடுத்தவர்களுக்குப் போட்டோ காட்ட வேண்டாமா?" என்கிறார்கள் பொறுப்பாளர்கள். என்ன செய்வது?
*பெண்கள் ஐக்கியச் செயலாளர் ஒருவர்*

முதலில் அந்த அம்மா வீட்டுக்குப் போங்கள், சகோதரி. இந்த வாரமே போங்கள். பையை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், வெறுங்கையோடு போங்கள். "ஏன் சபைக்கு வருவதில்லை?" என்றும் கேட்காதீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பேசிவிட்டு, "மேடை ஏற்றியது எங்களுக்கே சரியாகப் படவில்லை, இனி அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் திரும்பி வருவதும் வராததும் அவர் விருப்பம்.

அடுத்தது போட்டோ. அந்த அம்மாவின் பிள்ளை ஞாயிறு பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். நன்கொடை கொடுத்தவரின் பிள்ளை பக்கத்தில்தான். மேடையில் அம்மா பை வாங்கியதை அவன் பார்த்தான், இவனும் பார்த்தான். போட்டோ வாட்ஸ்அப்பில் போனால் அது சபையோடு நிற்பதில்லை. அந்தக் குடும்பத்தின் உறவுக்காரர்களுக்குப் போகும், வீட்டுக்காரருக்குப் போகும், மகளுக்கு வரன் பார்க்கிறவர்களுக்கும் போகும். ஒரு பை மளிகைக்கு இது மிகப் பெரிய விலை. அதைக் கட்டச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மலைப்பிரசங்கத்தில் இயேசு இதை நேரடியாகவே பேசியிருக்கிறார். தர்மம் செய்யும்போது தெருவில் தாரை ஊதாதே என்றார், வலதுகை செய்கிறதை இடதுகை அறியக் கூடாது என்றார். மத்தேயு 6ஆம் அதிகாரம், பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பகுதிதான். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

நன்கொடையாளருக்கும் பதில் சொல்ல வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது, தான் கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்குப் போனதா என்பது. அதற்குக் கடை பில் போதும். கட்டி அடுக்கிய பைகளை, வீடுகளுக்குக் கிளம்பும் முன் ஒரு படம் எடுங்கள். எத்தனை குடும்பம், என்னென்ன பொருள், எவ்வளவு செலவு, மீதி எவ்வளவு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நான் இப்படித்தான் அனுப்புகிறேன். முகம் தெரியவில்லையே என்று குறைப்பட்டவர்களிடம் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் உடனே புரிந்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகும் முகம் காட்டினால்தான் தருவேன் என்கிறவரின் பணத்தை விட்டுவிடலாம்.

பை சாதாரணப் பையாக இருக்கட்டும். சபை பெயர் அச்சிட்ட பை வேண்டாம், தெரு முழுக்க வாசிக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் ஊர்வலம் போலப் போகவும் வேண்டாம்.

அக்கா, நான் வாலிபர் குழுவில் இருக்கிறேன். சிலர் இரண்டு மூன்று சபைகளில் உதவி வாங்குகிறார்கள், வசதி உள்ளவர்களும் ஏழை என்று சொல்லி வாங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். உண்மையான தேவை யாருக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*கல்லூரி மாணவர்*

தம்பி, விசாரிக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. ஆதிச் சபையும் விசாரித்தது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். சபை பராமரிக்கும் விதவைகளுக்கு அப்போதே ஒரு பட்டியல் இருந்திருக்கிறது, 60 வயது என்று வரம்பும் இருந்திருக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தால் முதலில் அவர்கள் பார்க்கட்டும், யாரும் இல்லாதவர்களைச் சபை பார்க்கட்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இருப்பது கொஞ்சம், கேட்பவர் நிறைய என்றால் யாருக்கு முதலில் என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை. கேள்வித்தாளை நீட்டி, வருமானம் என்ன, கடன் எவ்வளவு, டிவி இருக்கிறதா என்று நிரப்பச் சொல்லும் சபைகளைப் பார்த்திருக்கிறேன். டிவி, புருஷன் உயிரோடு இருந்தபோது வாங்கியதாக இருக்கும். அதை வைத்து என்ன தீர்மானிப்பது?

வீட்டுக்குப் போவதுதான் வழி. 1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர் நண்பர்களோடு சேர்ந்து ஏழைகளுக்கு உதவத் தொடங்கினார். அப்போது அவருக்கு 20 வயது, உன் வயதாகத்தான் இருக்கும். கத்தோலிக்கப் பங்குகளில் இன்று வின்சென்ட் தே பவுல் சபை என்று இருக்கிறதே, அதன் தொடக்கம் அது. ஏழைகளை வரவழைத்துக் கொடுக்காமல் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதையே அவர்கள் தங்கள் முக்கிய வேலையாக வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அதுதான் அவர்கள் வழக்கம். வேறு சபைக்காரர்களான நாமும் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

போவதற்குச் சில முறைகள் உண்டு. முந்தைய நாளே சொல்லிவிட்டுப் போ. தனியாகப் போகாதே, இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கூப்பிடும்வரை வாசலிலேயே நில். உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டளை இருக்கிறது: கடன் கொடுத்தவன் அடகு வாங்க அடுத்தவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கியவனே அதை வெளியே கொண்டுவந்து கொடுப்பான். கொடுக்க வேண்டியவன் வீட்டுக்கே அந்த மரியாதை என்றால், நம்மிடம் எதுவும் கடன்படாதவர் வீட்டுக்கு எவ்வளவு மரியாதை தர வேண்டும்! உள்ளே போன பிறகும் காட்டிய இடத்தில் உட்கார். கண்ணை நாலு பக்கமும் ஓட்டாதே. அவர்கள் முன்னால் நோட்டை எடுத்து எழுதாதே.

பேச்சுக் கொடுத்தால் போதும், தேவை தானாகவே தெரிந்துவிடும். மேசைமேல் மாத்திரை அட்டை பாதியில் வெட்டியிருக்கும். முழு அட்டை வாங்கப் பணமில்லாமல் நாலைந்து மாத்திரை மட்டும் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். பள்ளி நாளில் பெரிய பிள்ளை வீட்டில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் எந்தக் கேள்வித்தாளிலும் வராது.

முக்கியமான விஷயம் பெரும்பாலும் கிளம்பும்போதுதான் வரும். ஒரு வீட்டில் அந்த அம்மா நாங்கள் இருந்த நேரம் முழுக்க "ஒரு குறையும் இல்லை, கர்த்தர் நடத்துகிறார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வழியனுப்ப வாசலுக்கு வந்தவர், மடித்து மடித்து விளிம்பு நைந்துபோன ஒரு காகிதத்தை நீட்டி, "இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்களேன்" என்றார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது. நாங்கள் அவருக்கு மளிகை தரலாம் என்று நினைத்துப் போயிருந்தோம். அவருக்குத் தேவைப்பட்டதோ ஒரு மாத வாடகையும், கூடப் போய் வீட்டுக்காரரிடம் தவணை கேட்க ஓர் ஆளும். சபையில் ஒரு பெரியவர் கூடப் போய்ப் பேசினார். அந்தக் குடும்பம் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறது.

இரண்டு சபையில் வாங்குகிறார்கள் என்றால் அதில் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு சபை கொடுப்பது மாதம் முழுக்கப் போதுமா? போதாதபோது இன்னொரு கதவைத் தட்டத்தான் செய்வார்கள். குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு அந்தச் சபையோடு பேசுங்கள். நீங்கள் வாடகையைப் பாருங்கள், அவர்கள் பிள்ளையின் படிப்பைப் பார்க்கட்டும். பொய் சொல்லி வாங்குகிறவர் எங்கோ ஒருவர் இருக்கத்தான் செய்வார். அவருக்குப் பயந்து மற்ற எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்காதே, தம்பி.

உதவி பெறும் குடும்பங்கள் ஆராதனைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாமா? எங்கள் மூப்பர்களில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். வேறு மதத்தினருக்குக் கொடுக்கலாமா என்றும் விவாதம் நடக்கிறது.
*சபைக் குழு உறுப்பினர்*

நிபந்தனை கூடவே கூடாது, ஐயா. பசிக்காக வந்து உட்காருகிறவரை வைத்துக்கொண்டு எதைச் சாதிக்கப் போகிறோம்? அது அவருக்கும் அவமானம், ஆராதனைக்கும் அவமானம். இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன், வழியில் காயம்பட்டுக் கிடந்தவனிடம் எதையும் விசாரிக்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிப்பணத்தைக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் பகோமியு என்ற இளைஞனைப் பட்டாளத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழியில் தேபேஸ் நகரத்தில் புதுப் பட்டாளத்தாரையெல்லாம் அடைத்து வைத்தார்கள். ராத்திரி யாரோ சிலர் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் கிறிஸ்தவன் அல்ல, வந்தவர்களுக்கு அவனை முன்பின் தெரியாது. இவர்கள் யார் என்று அவனாகத்தான் விசாரித்தான். பிற்காலத்தில் துறவிகள் ஒன்றாகக் கூடி வாழும் மடங்களுக்கு முதன்முதலில் ஒழுங்கு வகுத்துக் கொடுத்த பகோமியு இவர்தான். சாப்பாடு கொண்டுவந்தவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் நிபந்தனை ஏதும் வைத்ததாகவும் அந்த வரலாற்றில் இல்லை.

வேறு மதத்தினருக்கும் தாராளமாகக் கொடுங்கள். கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல், எல்லாருக்கும் நன்மை செய்யச் சொல்கிறார், விசுவாசக் குடும்பத்தாருக்கு விசேஷமாகச் செய்யச் சொல்கிறார். மூப்பர்கள் பிற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டினால், முற்பாதியையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் சபை ஜனங்கள் நல்ல மனசுக்காரர்கள். ஒரு வீட்டில் கஷ்டம் என்று அறிவித்தால் அன்றைக்கே குவித்துவிடுவார்கள். ஆனால் இரண்டு வாரம் கழித்து யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதை எப்படிச் சரி செய்வது?
*போதகரின் மனைவி*

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் 1617ஆம் ஆண்டுதான் ஞாபகம் வந்தது. பிரான்சில் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் வின்சென்ட் தே பவுல் பங்குக் குருவாக இருந்தார். மேலே சொன்ன மாணவர்கள் பிற்காலத்தில் வைத்துக்கொண்டது இவர் பெயரைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் நோயாகப் படுத்திருக்கிறார்கள், பார்க்க ஆளில்லை என்றார். பிரசங்கத்தில் அதைச் சொன்னார். பிற்பகல் அவரே அந்த வீட்டுக்குப் போனபோது வழியெல்லாம் கூட்டம், போகிறவர்களும் திரும்புகிறவர்களுமாக. எல்லோரும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். இன்றைக்கு மிஞ்சிக் கெட்டுப்போகும், நாளைக்கு ஒன்றும் இருக்காது. அன்பு நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. சில நாட்களிலேயே ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தார். அந்த வருஷமே அதற்கு எழுத்தில் ஒரு ஒழுங்கும் தயாரானது.

அந்த ஒழுங்கில் ஒரு வரி உண்டு. சாப்பாடு கொண்டுபோகிறவர், துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியின் வீட்டுக்கு முதலில் போக வேண்டும், தனியாக இருப்பவர் வீட்டுக்குக் கடைசியில் போக வேண்டும். அப்போதுதான் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார முடியும். நானூறு வருஷத்துக்கு முன்னால் இதை யோசித்து எழுதியிருக்கிறார்கள், பாருங்கள். முறை போட்டு வீடு சந்திக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உங்கள் சபையில் செய்ய வேண்டியதும் அதுவே. அறிவிப்புக் கொடுக்கும் முன்பே ஒரு தாளில் வாரங்களைக் கோடு போட்டு வையுங்கள். "இந்த வீட்டுக்கு உதவி தேவை" என்று பொதுவாகச் சொல்லாமல், "மூன்றாவது வாரம் யார்? ஆறாவது வாரம் யார்?" என்று கேளுங்கள். முதல் வாரத்துக்கு எல்லோரும் கை தூக்குவார்கள், அவர்களில் பாதிப் பேரைப் பிந்தைய வாரங்களுக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஒரே ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். பொதுவில் விட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவர் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பணமாகவும் சேருங்கள். வீட்டில் இருக்கும் பழைய துணியும் உபரிச் சாமானும் கொடுக்கிறவருக்கு இடத்தைக் காலி செய்யும், வாங்குகிறவருக்கு இடத்தை அடைக்கும். எந்த நேரத்தில் எது தேவை என்று அந்தத் தாய்க்குத்தான் தெரியும், அவர் கையில் பணமாகக் கொடுத்தால் அவரே பார்த்துக்கொள்வார். கி.பி. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் தம் சபையைப் பற்றி எழுதும்போது, மாதம் ஒரு முறை, விரும்பினவர், முடிந்தவர் மட்டும் பெட்டியில் போடுவார்கள், கட்டாயம் கிடையாது என்கிறார். அந்தப் பணம் ஏழைகளின் சாப்பாட்டுக்கும் அடக்கச் செலவுக்கும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும், வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கும், கப்பல் உடைந்து தவிப்பவர்களுக்கும் போனதாம். மாதாமாதம் சிறு தொகை வந்தால்தான் இப்படித் தொடர்ந்து செய்ய முடியும். பண்டிகைக்குப் பண்டிகை வரும் பெரிய தொகையை நம்பி எந்தக் குடும்பத்துக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

உதவிப் பணம் முழுவதும் ஒருவர் கையிலேயே இருக்கிறது. கணக்குக் கேட்டால் "தேவ ஊழியத்தில் சந்தேகமா?" என்கிறார். கேட்பது தவறா?
*சபை அங்கத்தினர்*

தவறே இல்லை. எருசலேம் ஏழைகளுக்காகச் சபைகளிடம் பணம் திரட்டிய பவுலே, அதைக் கொண்டுபோகத் தம்மோடு சபைகள் நியமித்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். யாரும் குற்றம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது, கர்த்தர் முன்பாக மட்டுமல்ல, மனுஷர் முன்பாகவும் சரியாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார். பவுலுக்குத் தேவைப்பட்டது உங்கள் பொருளாளருக்கும் தேவைதான். உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், மூன்றாவது ஆள் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். சபையில் வாசிக்கும் கணக்கில் குடும்பங்களின் பெயர் வரக் கூடாது, எண்ணிக்கை போதும். 251ஆம் ஆண்டில் ரோமாபுரி ஆயர் கொர்னேலியு, தம் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரிக்கிறது என்று கடிதம் எழுதினார். எண்ணி எழுதி வைக்கும் பழக்கம் இல்லாத சபை அப்படி ஒரு எண்ணைச் சொல்லியிருக்க முடியாது.

அக்கா, கணவர் இறந்தபின் சில வருஷங்கள் சபைதான் எங்களைத் தாங்கியது. இப்போது மகன் வேலைக்குப் போகிறான். இனி உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் சபையில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இந்தக் கூச்சம் போகுமா?
*ஒரு தாய்*

என் அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

திருப்பிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. அது கடனாகத் தந்தது அல்ல. ரூத்தை நினைத்துப் பாருங்கள். விதவை, அந்நிய தேசத்துக்காரி, மாமியாருக்காகவும் சேர்த்துக் கதிர் பொறுக்கப் போனாள். அறுவடையில் சிந்தியதும் மறந்து விட்டதும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்று நியாயப்பிரமாணமே சொல்லியிருந்தது. வயல்காரன் போவாஸ் தன் தயவில் விட்டுக்கொடுத்தது என்று மட்டும் அதை நினைக்காதீர்கள், அவளுக்கு அதில் உரிமை இருந்தது. நீங்கள் வாங்கியதும் உங்களுக்கு உரியது. கூச்சப்பட வேண்டியவர் யாராவது உண்டு என்றால், உங்களுக்குக் கொடுக்கும்போது உங்களைக் கூச வைத்தவர்கள்தான்.

கொடுக்க ஆசை வந்தால் மற்றவர்களைப் போலப் பெட்டியில் போடுங்கள், முடிந்ததைப் போடுங்கள். மகன் முதல் சம்பளத்தை அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டாம். கொஞ்ச காலத்துக்கு வீட்டைப் பாருங்கள், சேமிப்பு என்று ஏதாவது கையில் இருக்கட்டும்.

ஆனால் உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஒரு முறையீடு வருகிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் விதவைகளைக் கவனிக்கவில்லை என்ற முறையீடு. சபை ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்த வேலையைக் கொடுத்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் கஷ்டம் தெரிந்தவர்களிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

உங்கள் சபையில் வீடு சந்திக்கும் குழுவில் உங்களைப் போல அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யாராவது இருக்கிறார்களா? இருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எந்தக் கேள்வி புண்படுத்தும், எந்த நேரத்தில் போனால் பிள்ளைகள் வீட்டில் இருக்க மாட்டார்கள், மாதத்தில் எந்த வாரம் கை வறளும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. உடனே சேருங்கள் என்று சொல்லவில்லை. மனசு தயாரானதும் உங்கள் போதகரிடம் போய், "அடுத்த முறை எந்த வீட்டுக்காவது போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லுங்கள். தயங்கினார் என்றால் எனக்கு எழுதுங்கள், நானே அவருக்குக் கடிதம் எழுதுகிறேன்.